‘சுவடு கனிமம்’ வேண்டாம், நுண்தாது போதும்

மீன் தீவனம் பற்றிய மொழிபெயர்ப்புகளில் ‘சுவடு கனிமங்கள்’ என்ற தொடர் ஓயாமல் வருகிறது. துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, செலினியம், அயோடின் என உடம்புக்குத் துளியளவே வேண்டியவற்றைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இருப்பது தெரிகிறது, அளக்க முடியவில்லை என்ற அளவை முற்கால வேதியியலர் ஆங்கிலத்தில் ‘ட்ரேஸ்’ என்று குறித்தனர். நம்மவர்கள் அகராதியைப் புரட்டிச் சுவடு என்று ஒட்டிவிட்டார்கள்.

சுவடு என்பது போனபின் நிற்கும் தடம். ‘தீவனத்தில் சுவடு கனிமம் உள்ளது’ என்று படிப்பவர் பூச்சிமருந்து எச்சம் என்றே நினைப்பார். வேண்டிச் சேர்த்த சத்து கறையாகிவிடுகிறது!

கனிமம் என்றால் கிருஷ்ணகிரியில் கிரானைட் குவாரிதான் நினைவுக்கு வரும். தருமபுரியில் மாடு வைத்திருப்பவர் கடையில் கேட்பது தாது உப்பு. தாது வடசொல் என்று தள்ளுகிறவர்கள், கனிமத்தில் உள்ள ‘கனி’யும் சுரங்கத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது என்பதைப் பார்ப்பதில்லை.

‘நுண்ணூட்டம்’ என்று மாற்றினால் இன்னும் ஆபத்து. அதில் வைட்டமினும் அடங்கும். உரக்கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பயிருக்கான கலவை. அதைப் பண்ணைக்குட்டையில் கொட்டினால் அதிலுள்ள காப்பர் சல்பேட் மீனின் செவுளைக் கெடுக்கும். தண்ணீர் உப்புகள் குறைந்த மென்னீராக இருந்தால் சேதம் கூடும்.

நுண்தாது என்றால் அளவும் பொருளும் சேர்ந்து விளங்கும். கெண்டைக்கு ஒரு கிலோ தீவனத்தில் துத்தநாகம் 15 முதல் 30 மில்லிகிராம், செம்பு 3 மில்லிகிராம் போதும். செலினியம் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. அளவு மீறினால் நஞ்சு. தவிடும் கடலைப் புண்ணாக்குமே தீவனம் என்றால், அவற்றிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மீனுக்குச் சேராது. கண்ணில் புரை விழும், துடுப்பு அரித்துப்போகும்.

மூட்டைகளில் வரும் ‘வைரஸ் எதிர்ப்புக் கனிமம்’ அடுத்த பிழை. நுண்தாது வைரஸைக் கொல்லாது. வைரஸ் நுழைந்ததும் மீனின் செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கிறது. அது எம்எக்ஸ் போன்ற காப்புப் புரதங்களை உண்டாக்கச் செய்கிறது. நோயெதிர்ப்புப் புரதங்கள் பலவும் சரியான வடிவில் மடியத் துத்தநாகம் வேண்டும். செலினியம் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியின் உறுப்பு. போராட்டத்தில் கிளம்பும் பெராக்சைடு மீனின் செல்லையே அரிக்காமல் அந்த நொதி தடுக்கிறது. ஆகவே ‘வைரஸ் எதிர்ப்பாற்றலுக்குத் துணைசெய்யும் நுண்தாது’ என்று எழுதுங்கள். நீளம்தான். ஆனால் திலேப்பியா மீனைக் கொல்லும் ‘திலேப்பியா ஏரி வைரஸ்’ தாக்கிய குட்டையில், மூட்டையில் உள்ள பெயரை நம்பி ஒருவர் இதையே மருந்தாகப் போட்டுக்கொண்டு, மீன்குஞ்சு வாங்குவதையும் விற்பதையும் நிறுத்தாமல் இருந்துவிடக் கூடாது.