ஸ்ட்ரைக் நோட்டீஸ் கொடுத்த பிறகு என்ன நடக்கும்? தொழிற்சங்கங்கள் எதிர்க்கும் புதிய சட்டம்

29 மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகச் சுருக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஊதியத் தொகுப்பு 2019-லும் மற்ற மூன்றும் 2020 செப்டம்பரிலும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி, எச்எம்எஸ், தொமுச உள்ளிட்ட பத்து மத்தியச் சங்கங்கள் அப்போதிலிருந்தே எதிர்க்கின்றன. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கையும் இவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்பதுதான். பாரதிய மஸ்தூர் சங்கம் அதில் சேரவில்லை.

நான்கிலும் எல்லாமே பாதகம் என்று சொல்லிவிட முடியாது. எல்லாத் தொழிலாளிக்கும் பணிநியமனக் கடிதம் தர வேண்டும். வேலையை விட்டவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். இவற்றை எந்தச் சங்கமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சண்டை பெரும்பாலும் தொழில் உறவுகள் தொகுப்பில்தான், அதிலும் வேலைநிறுத்தம் பற்றிய 62-ஆம் பிரிவில்.

பழைய 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் மின்சாரம், ரயில் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே ஸ்ட்ரைக் நோட்டீஸ் கட்டாயம். இப்போது எந்தத் தொழிற்சாலையானாலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ‘14 நாள்தானே, பொறுத்தால் என்ன?’ என்று தோன்றலாம். காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். சங்கம் 1-ஆம் தேதி நோட்டீஸ் கொடுக்கிறது. இரு தரப்பையும் கூட்டிப் பேசவைக்கும் அரசின் சமரச அதிகாரி 10-ஆம் தேதி முதல் கூட்டம் நடத்துகிறார். சமரசம் தொடங்கியதாகக் கணக்கு; அது முடியும்வரை வேலைநிறுத்தம் கூடாது. அறிக்கை தர அவருக்கு 14 நாள் அவகாசம் இருப்பதால் 24 வரை போகும். முடிந்த பிறகும் ஏழு நாள் பொறுக்க வேண்டும். மாதமே ஓடிவிட்டது. அந்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் தொழில் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால், வழக்கு நடக்கும் காலம் முழுவதும், முடிந்து 60 நாள் வரையிலும், வேலைநிறுத்தம் சட்டவிரோதம்.

தீர்ப்பாயத்தில் வழக்கு இருந்தால் ஸ்ட்ரைக் கூடாது என்பது பழைய சட்டத்திலும் உண்டு. ஆனால் தகராறை அங்கே அனுப்புவது அரசின் கையில் இருந்தது. இப்போது இரு தரப்பில் யாரும் நேரே போகலாம். அரசாணைக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்த தொழிலாளிக்கு இது நல்ல வழி. அதே வழியில் நிர்வாகமும் வந்து ஸ்ட்ரைக்கை நிறுத்திவைக்கலாம் என்பதுதான் சிக்கல். நிர்வாகம் ஆலையை இழுத்து மூடித் தொழிலாளரை வெளியே நிறுத்தும் கதவடைப்புக்கும் இதே விதிகள் உண்டென்று அரசு சொல்கிறது, சொல்வது சரிதான். ஆனால் நோட்டீஸுக்கும் விசாரணைக்கும் நடுவே ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும் வசதி இருவருக்கும் ஒன்றா?

சேர்ந்து கேஷுவல் லீவ் போடுகிற பழைய உத்தியும் இனி செல்லாது. 50 சதவீதம் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் விடுப்பு எடுத்தால் அதுவும் ஸ்ட்ரைக். சட்டவிரோத ஸ்ட்ரைக்கில் இறங்கிய தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவருக்கு அபராதம் 10,000-இல் தொடங்கி 50,000 வரை போகும்.

சங்கத் தலைவர்களைக் குறிவைப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1918-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது; தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். வேலைநிறுத்தத்தால் நஷ்டம் என்று நிர்வாகம் அவர்கள்மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த வழக்கு கிளப்பிய கேள்விதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது. சங்க நடவடிக்கைக்காக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்ற அந்தப் பாதுகாப்பு புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

அடுத்த சண்டை ஓர் எண்ணைப் பற்றி: 300. லே-ஆஃப் (தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்திவைப்பது), ஆட்குறைப்பு, ஆலை மூடல் ஆகியவற்றுக்கு 100 பேர் வேலைசெய்யும் ஆலையே முன்பு அரசிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இப்போது 300 பேர் இருந்தால்தான். 250 பேர் உள்ள ஆலை கேட்காமலே மூடலாம். 60 நாள் முன்னறிவிப்பும் இழப்பீடும் தந்தால் போதும். அறிவிக்கை மூலம் இந்த 300-ஐ அரசு இன்னும் கூட்டலாம். நிலையாணைகளுக்கும், அதாவது ஷிஃப்ட், லீவு, ஒழுங்கு நடவடிக்கை போன்ற வேலை விதிகளுக்கும், 100 என்பது 300 ஆகிவிட்டது.

பேச்சுவார்த்தைக்கு யாரைக் கூப்பிடுவது? ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் தொழிலாளர் பதிவேட்டில், உள்ளவர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கம் மட்டும். யாருக்கும் 51 இல்லையென்றால், குறைந்தது 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. 15 சதவீதம் வைத்திருக்கும் சின்னச் சங்கத்துக்கு அந்த மேஜையில் நாற்காலி இல்லை.

குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் வேலை இப்போது எல்லாத் தொழிலிலும் சட்டபூர்வம். சம்பளம், சலுகைகள் நிரந்தரத் தொழிலாளிக்கு நிகராகக் கிடைக்கும். கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருடம் போதும். ஆனால் கடிதத்தில் போட்டிருக்கும் கடைசித் தேதியைக் கவனியுங்கள். அந்த நாளில் வேலை முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அது ஆட்குறைப்பே அல்ல. ஆட்குறைப்பு இழப்பீடும் கேட்க முடியாது.