ஆக்சிஜனூட்டல்: ஏற்றம் வேறு, ஊட்டம் வேறு

ஒரே சொல்லோடு நான் மல்லுக்கட்டுவது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. கல்லூரியில் படிக்கும் தங்கை மகள் ஒரு கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பித் தமிழ் பார்த்துத் தரச் சொன்னாள். தலைப்பு இப்படி இருந்தது: ‘ஹைட்ரோஜெல்லில் வளரும் செல்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் வழிகள்’. ஹைட்ரோஜெல் என்றால் தண்ணீரைப் பிடித்துவைத்து உறைந்து நிற்கும் கூழ். மண்டபத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தவன், “செல்லை வளர்க்கப் போறியா, துருப்பிடிக்க வைக்கப் போறியா?” என்று கேட்டு அனுப்பினேன். “எல்லாரும் அப்படித்தான் மாமா எழுதுறாங்க” என்று பதில் வந்தது. எல்லாரும் எழுதுகிறார்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் என்பது பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1777 வாக்கில் கிரேக்க வேர்களைச் சேர்த்துக் கட்டிய பெயர். ‘புளிப்பை உண்டாக்குவது’ என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை, ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. அதிலிருந்து பிறந்த இரண்டு சொற்கள்தான் இங்கே சிக்கல். ஒன்று ஆக்சிடேஷன், மற்றது ஆக்சிஜனேஷன்.

முதலாவதற்கு நம் பாடநூல்கள் ஆக்சிஜனேற்றம் என்று பெயர் வைத்துப் பல காலம் ஆகிறது. எலக்ட்ரான் இழப்பு அது. இரும்பு துருப்பது, சூடைக் கருவாடு மஞ்சளாகிச் சிக்கு வாடை அடிப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஆக்சிஜனே இல்லாமலும் ஆக்சிஜனேற்றம் நடக்கும். இரண்டாவது வெறுமனே ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணையில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சுற்றுகிறதே, அந்த வேலை. எதற்கு ஓடுகிறது என்று அங்கே ஒருவரிடம் கேட்டேன். “இறாலுக்கு மூச்சு முட்டக் கூடாதுல்ல சார்” என்றார். எந்த அகராதியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஹைட்ரோஜெல் விஷயத்திலும் பிரச்சினை மூச்சுதான். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் தட்டில் உறைந்து நிற்கும் கடல்பாசி இருக்கிறதல்லவா, அது ஒரு ஹைட்ரோஜெல். கொஞ்சம் பாசிச் சரக்கு, மீதியெல்லாம் தண்ணீர். நம் கரையில் பெண்கள் மூச்சடக்கி முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இந்தக் கடல்பாசியை உறையவைக்கும் அகருக்குப் போகின்றன, கட்டக்கோரை என்ற பாசி ஆல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ச் சரக்குக்கு. ஆல்ஜினேட் கரைசலில் செல்களைக் கலந்து கால்சியம் உப்புக் கரைசலில் சொட்டவிட்டால் முத்து முத்தாகக் கெட்டிப்படும். உள்ளே செல்கள் உயிரோடு இருக்கும். ஆனால் எவ்வளவு நேரம்? அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 8 மில்லிகிராம் அளவுதான். ஒரு லிட்டர் காற்றில் அதைப்போல் 30 மடங்குக்கு மேல் உண்டு. உடம்பில் செல்களுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஒரு ரத்த நுண்குழாய் இருக்கும். ஜெல்லுக்குள் குழாய் ஏது? கொஞ்சம் தடிமனாக வார்த்தால் நடுவில் உள்ளவை செத்துப்போகும். அதனால்தான் ஜெல்லில் நுண்வாய்க்கால் வெட்டுகிறார்கள், ஆக்சிஜனை நிறையக் கரைத்துவைக்கும் பெர்ஃப்ளூரோகார்பன் சேர்க்கிறார்கள், கால்சியம் பெராக்சைடுத் தூளைப் புதைக்கிறார்கள்.

இந்தக் கடைசி வழியில்தான் சொல் காலை வாருகிறது. கால்சியம் பெராக்சைடு தண்ணீர் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தரும். அது சிதைந்து ஆக்சிஜனும் தண்ணீரும் ஆகும். சிதையாமல் மிஞ்சினால் செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்து கொல்லும். அதைத் தடுக்கத்தான் பெராக்சைடைச் சட்டென்று சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியையும் கூடவே போடுகிறார்கள். ஆக, ஊட்டுவதும் கொல்லுவதும் ஒரே பத்தியில் வருகின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ‘ஆக்சிஜனேற்றத்தால் செல்கள் பிழைத்தன, ஆக்சிஜனேற்றத்தால் செல்கள் இறந்தன’ என்று எழுத வேண்டிவரும். எழுதியும் இருக்கிறார்கள்.

‘ஏற்றம்’ கட்சிக்காரர்கள் விடமாட்டார்கள். மின்னேற்றம் இருக்கிறதே, காற்றேற்றம் இருக்கிறதே, சரக்கு ஏற்றுவது போலத்தானே இதுவும் என்பார்கள். சரி, சொல்லில் குற்றமில்லை. ஆனால் பேருந்தில் ஒருவர் துண்டு போட்டுப் பிடித்த இடம் அது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் பாருங்கள். அது ஆக்சிஜனைச் சுமக்கும்போது அதிலுள்ள இரும்பு பழைய நிலையிலேயே இருக்கிறது. அந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் மெத்ஹீமோகுளோபின் ஆகிவிடும், அப்புறம் சுமக்கவே சுமக்காது. ஒரே மூலக்கூறில் இரண்டு சொல்லும் எதிரெதிராக நிற்கின்றன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இலங்கைப் பாடநூல்கள் இதில் கெட்டி. அங்கே ஆக்சிஜன் ஒட்சிசன், ஆக்சிடேஷன் ஒட்சியேற்றம். குழம்ப இடமில்லை. திசு என்று நாம் ஆங்கிலத்தையே திருப்பிச் சொல்வதை அவர்கள் இழையம் என்கிறார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் இன்று முடியாது.

என் தீர்ப்பு ஆக்சிஜனூட்டல். பாலூட்டுவது, நீரூட்டுவது மாதிரி உயிருள்ள ஒன்றுக்குத் தருவது என்ற பொருள் அதில் தானாகவே வருகிறது. தனித்தமிழ் வேண்டுமென்றால் உயிர்வளியூட்டல் என்று எழுதுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு ஆக்சிஜன்தான் பழக்கம் என்பதால் நான் அதை விடவில்லை. ‘ஆக்சிஜன் விநியோகம்’ தப்பில்லை, ரேஷன் கடை வாடை அடிக்கிறது, அவ்வளவுதான்.

மருமகளுக்கு இதையெல்லாம் விளக்கி எழுதினேன். மறுநாள் காலையில் திருத்திய கட்டுரை வந்தது. எல்லா ஆக்சிஜனேற்றத்தையும் ஒரே தட்டில் ஆக்சிஜனூட்டல் ஆக்கியிருந்தாள். மூன்றாம் பக்கத்தில், மிஞ்சிய பெராக்சைடு செல்களுக்கு ‘ஆக்சிஜனூட்டல் சிதைவு’ உண்டாக்குகிறதாம்.