ஓட்டச் சிக்கனம்: ஒரு சொல் விளக்கம்

நெடுந்தொலைவு ஓட்டம் பற்றிய எழுத்துகளில் வரும் 'ரன்னிங் எகானமி' (ஓடும்போது உடல் ஆற்றலை எவ்வளவு குறைவாகச் செலவிடுகிறது என்பது) என்னும் தொடரை 'ஓட்டப் பொருளாதாரம்' என்று பெயர்த்தால், ஓடிச் சம்பாதித்த பணத்தைப் பற்றிய பேச்சாகத்தான் அது காதில் விழும். எகானமி என்பதன் கிரேக்க மூலமாகிய 'ஓய்க்கொனோமியா' வீட்டு நிர்வாகத்தைக் குறித்தது. 'ஓய்க்கோஸ்' என்றால் வீடு. பின்னாளில் அச்சொல் நாட்டின் பொருளியலுக்கும் கட்டுச்செட்டான செலவுக்கும் பொதுவாகிவிட்டது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. 'எரிபொருள் சிக்கனம்' என்பது ஏற்கெனவே நம் வழக்கில் ஊறிப்போன தொடர் என்பதால், 'ஓட்டச் சிக்கனம்' என்பதே பொருத்தம். 'மைலேஜ்' இன்னும் எளிதாகப் புரியும்தான். ஆனால் ஓட்டக்காரர்கள் வாரத்தில் ஓடிய மொத்தத் தூரத்துக்கு அச்சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மூச்சுவாங்கித் திணறாத ஒரு சீரான வேகத்தில் ஓடும்போது, ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது என்பதே இதன் அளவு. முகமூடி அணிவித்து, ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, மூச்சுக்காற்றைப் பகுத்து அளப்பார்கள். எண் குறையக் குறையச் சிக்கனம் கூடுகிறது என்பதை மறந்தால் குழப்பம்தான்.

இந்தச் சிக்கனம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பாலா ராட்கிளிஃபைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அவருடைய உச்ச ஆக்சிஜன் நுகர்வு, அதாவது முழு மூச்சாக ஓடும்போது உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன், 1992 முதல் 2003 வரை நிமிடத்துக்குக் கிலோவுக்கு 70 மி.லி. அளவிலேயே நின்றது, ஆனால் மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு 205 மி.லி.யாக இருந்த செலவு 175 மி.லி.யாக இறங்கியது. இன்ஜினின் அளவு மாறாமல் மைலேஜ் மட்டும் கூடிய கதை இது. 2003-இல் அவர் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் முடித்து பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். அடிக்கு அடி தலையை ஆட்டியபடி ஓடுகிறவர் அவர். எனவே சிக்கனத்தைக் கண்ணுக்கு அழகான ஓட்டம் என்று கொள்வதும் பிழை. கால் தரையில் படும்போது குதிகால் தசைநார் விசையை வாங்கி வில்லைப்போலத் திருப்பித் தருவது போன்ற, வெளியே தெரியாத வேலைகள் இதில் பல.

2017-இல் வந்த 'வேப்பர்ஃப்ளை 4%' காலணியின் பெயரிலுள்ள 4, வேகத்தையோ நேரத்தையோ அன்று, ஆற்றல் செலவில் மிச்சமாகும் சராசரியையே குறிக்கிறது.