ஒட்டு மூலக்கூறு வேறு, ஒட்டுவாரொட்டி வேறு

சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்த தம்பதியரில் கணவர், பிளாஸ்டிக் உறையிலிருந்து பயாப்சி அறிக்கையை எடுத்து மேசையில் விரித்து, மஞ்சள் மையால் கோடிட்டிருந்த ‘ஐகேம்-1 பாசிட்டிவ்’ என்ற வரியில் விரலை வைத்தார். அவர் மனைவியின் தொடையிலும் இடுப்பிலும் நான்கு ஆண்டுகளாக இருந்த படை, மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ் என்னும் தோல் லிம்போமா (வெள்ளணுக்களில் தோன்றித் தோலில் தெரியும் ஒருவகைப் புற்று) என்று அதே அறிக்கை உறுதிசெய்திருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. “ஒட்டு மூலக்கூறுன்னு நெட்ல போட்டிருக்கு டாக்டர், பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா?” என்றார். அந்த அம்மாள் ஒரு மாதமாகத் தனித் தட்டில் சாப்பிட்டு வருகிறார். இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது குடும்பம் இது.

ஒட்டாது. ஒருவர் உடலுக்குள் ஒரு செல் மற்றொரு செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் புரதங்களே ஒட்டு மூலக்கூறுகள்; ஐகேம்-1 அவற்றில் ஒன்று. இவை உங்களிடமும் என்னிடமும் உண்டு. தோலின் இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள ஈ-செலக்டின் என்ற ஒட்டு மூலக்கூறைப் பிடித்து வெளியேறும் டி செல் என்னும் வெள்ளணு, பிறகு தன் மேலுள்ள எல்எஃப்ஏ-1 என்ற புரதத்தைக் கொண்டு மேல்தோல் செல்லின் ஐகேம்-1-ஐப் பற்றிக்கொள்கிறது. புற்றாக மாறிய டி செல்லும் இதே வழியில்தான் தோலுக்கு வந்து சேர்கிறது.

எனக்கு அதிக எரிச்சலூட்டுவது ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைத் தீர்ப்பாக வாசிக்கும் பழக்கம். திசுவில் சாயம் பிடித்தது என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் கிடையாது. இன்டர்ஃபெரான் காமா என்னும் அழற்சிப் புரதம் சுரக்கும் எந்த அழற்சியிலும் மேல்தோல் செல்கள் ஐகேம்-1-ஐக் காட்டும். சொரியாசிஸிலும் கரப்பானிலும் அது பாசிட்டிவ்தான். மேலும், தொடக்க நிலையில் மேல்தோலைப் பற்றிக்கொண்டு நிற்கும் புற்றுச் செல்கள், கட்டி நிலையில் பெரும்பாலும் அந்தப் பிடியை விட்டு ஆழத்துக்கு இறங்குகின்றன என்பதால், பிடி இருப்பதைவிட இழந்துபோவதே எங்களுக்குக் கவலை தரும். நோயின் போக்கை இவற்றால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன; ஆனால் நோய்நிலையைக் கணிக்கும் அட்டவணையில் இவற்றுக்கு இடமில்லை. (அறிக்கை எழுதும் நண்பர்களே, செய்த சாயத்தையெல்லாம் பட்டியலிட்டால் போதாது, அதற்கு ஒரு வரி விளக்கமும் எழுதுங்கள்.)

முற்றிய நிலையிலிருந்த 1,275 நோயாளிகளைக் கொண்டு 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, நான்காம் நிலை, 60-க்கு மேற்பட்ட வயது, பெருஞ்செல் மாற்றம் (புற்றுச் செல்கள் உருவில் பெரிதாக மாறுவது), இரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதி உயர்ந்திருப்பது ஆகிய நான்கையே பாதகமான அறிகுறிகளாகச் சுட்டியது. தொடக்க நிலையிலோ, உடற்பரப்பில் எத்தனை விழுக்காடு படை என்பதே முதற்கேள்வி. விரல்கள் சேர்ந்த உள்ளங்கை ஏறத்தாழ 1 விழுக்காடு. அந்த அம்மாளின் கையையே அளவாகக் கொண்டு எண்ணியதில் ஆறு வந்தது. நெறிகட்டியும் இல்லாமல் 10-க்குள் இருந்தால் அது 1ஏ நிலை; அந்நிலையினரின் ஆயுள் பொதுவாக மற்றவர்களின் ஆயுளையே ஒத்தது. பக்கம் பக்கமாகச் சாய முடிவுகள் இருந்த கோப்பில் இந்த ஆறு மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

நான்கு ஆண்டுகள் வீணானதற்குக் காரணம் மருந்துக்கடைப் படர்தாமரைக் களிம்பு. அலிபெர் என்ற பிரெஞ்சு மருத்துவர் கட்டிகள் காளான்போலத் தெரிந்ததால் வைத்த பெயர்தான் ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ்’. பூஞ்சைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை, படர்தாமரை மருந்து இதைத் தொடாது. அதோடு கலந்து வரும் ஸ்டீராய்டு, படையைச் சற்று மங்கவைத்துப் பயாப்சியையும் குழப்பிவிடும்.

ஆறு மாதம் ஆறாத படைக்கு நீங்களாகவே களிம்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். பயாப்சிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே, மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஸ்டீராய்டு களிம்பை நிறுத்துங்கள். முதல் பயாப்சியில் தெளிவில்லையென்றால் மறுபடி எடுக்கச் சொல்வோம், கோபப்படாதீர்கள். நம் நிறத்தவரில், குறிப்பாக இளம் வயதினரிடம், இந்நோய் தேமல்போல வெளிறிய திட்டுகளாகவும் வரும்; புட்டத்திலும் தொடையிலும் அப்படி இருந்தால் தொழுநோய்க்கான உணர்ச்சிச் சோதனையோடு நிறுத்திவிடாமல் பயாப்சியும் கேளுங்கள். வரும்போது தீர்ந்துபோன களிம்புக் குழாய்களையும் தயவுசெய்து எடுத்து வாருங்கள். “ஏதோ வெள்ளை டியூப்” என்ற பதிலை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.