ட்ரக்கை இறுக்காதீர்கள், புஷ்ஷிங்கை மாற்றுங்கள்

போன வாரமும் ஒரு சிறுமி மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். கூட வந்த அப்பா எடுத்ததும் சொன்னது: "சார், நான் நட்டை நல்லா டைட் பண்ணித்தான் குடுத்தேன்." அவர் சொன்ன நட்டு, பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் உலோகப் பாகமான ட்ரக்கின் நடுவில் இருப்பது. ஸ்கேட்போர்டை வாங்கித் தரையில் வைத்து நானே ஏறிச் சாய்ந்து பார்த்தேன். என் எடைக்கே அசையவில்லை. 25 கிலோ குழந்தைக்கு அது எப்படித் திரும்பும்? எதிரே ஒரு கல். அவள் சாய்ந்திருக்கிறாள், போர்டு நேராகப் போயிருக்கிறது.

போர்டு பூட்டிக் கொடுப்பதும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும்தான் என் வேலை. "இறுக்கினால் பத்திரம்" என்ற நம்பிக்கையோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. எழுதியாவது வைக்கிறேன்.

இந்த நம்பிக்கை எப்படி வருகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. புதிதாக ஏறும் குழந்தைக்குப் போர்டு இரண்டு பக்கமும் ஆடும், பயப்படும். பெற்றோர் ஸ்பேனரை எடுத்து நடு நட்டை ஒரு முறுக்கு முறுக்குவார்கள். ஆட்டம் நின்றுவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தச் சோதனை நடந்தது நின்ற இடத்தில். ஓடும்போது அந்த ஆட்டம்தான் உங்கள் ஸ்டியரிங். சாய்ந்தால் திரும்ப வேண்டும். அதைப் பூட்டி வைத்துவிட்டால், உடம்பு ஒரு பக்கம் போகும், போர்டு தன் போக்கில் போகும். பலர் திரும்புவதற்காக முன்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வைக்கப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை மாற்ற நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். "பிள்ளைக்கு பேலன்ஸ் வரல சார்" என்பார்கள். பேலன்ஸெல்லாம் இருக்கிறது, நட்டைத்தான் விட மாட்டேன் என்கிறீர்கள்.

இன்னொன்றும் நடக்கும். அளவுக்கு மேல் இறுக்கினால், புஷ்ஷிங், அதாவது ட்ரக்கில் அந்த நட்டுக்குக் கீழே இருக்கும் ரப்பர் போன்ற வளையம், நசுங்கி வாஷருக்கு வெளியே பிதுங்கும், பிறகு விரிசல் விடும். அப்படி நசுங்கிய புஷ்ஷிங் நடுவில் கட்டையாக நிற்கும், கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் சட்டென்று விட்டுக்கொடுக்கும். தளர்வாக ஆடும் போர்டைவிட இது மோசம், ஏனென்றால் எப்போது திரும்பும் என்று ஓட்டுபவருக்கே தெரியாது. அந்த நட்டு பூட்டியிருக்கும் போல்ட்டான கிங்பின்னும் அந்த இழுவிசையிலேயே இருந்து ஒருநாள் முறியும்.

தளர்வாக வேண்டுமா, கெட்டியாக வேண்டுமா என்பதைப் புஷ்ஷிங்கின் கடினத்தில் முடிவு செய்யுங்கள். அதை 'ஏ' என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடக்கூடக் கெட்டி: 80ஏ பக்கம் என்றால் மென்மை, 90ஏ நடுத்தரம், 95ஏ-க்கு மேல் கெட்டி. பெரும்பாலான ட்ரக்குகள் 90ஏ-வை ஒட்டிய புஷ்ஷிங்கோடுதான் வருகின்றன. அவை பெரியவர்களின் எடைக்கு. 30 கிலோ குழந்தைக்கு 80ஏ போட்டுக்கொடுங்கள், அன்றைக்கே வளைந்து ஓட்டும். 90 கிலோக்காரர் மென்மையானதைப் போட்டு நட்டை இறுக்கிக்கொண்டிருப்பதும் இதே தப்புதான், தலைகீழாக. வடிவமும் உண்டு: கூம்பு நன்றாகச் சாய விடும், உருளை தாங்கிப் பிடிக்கும். புது ட்ரக்குக்கே முழு விலை கொடுக்கிறவர்கள், அதில் சிறு பங்குகூட ஆகாத புஷ்ஷிங்குக்கு யோசிப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

சரி, ட்ரக்கைப் பற்றி. தெருவிலும் ஸ்கேட்பார்க்கிலும் ஓட்டும் வகையில் நான்கு பிராண்டுகள். 1978-இல் வந்த இண்டிபெண்டன்ட் படிப்படியாகத் திரும்பும், அடுத்து என்ன செய்யும் என்று ஊகிக்கலாம். தண்டர் சுறுசுறுப்பு, சாய்த்தவுடன் பதில் சொல்லும். வென்ச்சர் கொஞ்சம் பிடிவாதம். நேராக நிற்க வேண்டியவர்களுக்கு நல்லது. ஏஸ் ஆழமாக வளையும், அதற்கேற்ப சக்கரம் பலகையில் உரசும் ஆபத்தும் கூடுதல். இது என் கை, கால் அனுபவம். உங்களுக்கு வேறாக இருக்கலாம். எதை வாங்கினாலும் அச்சின் அகலம் பலகையின் அகலத்தோடு கால் அங்குலத்துக்குள் பொருந்த வேண்டும். இண்டிபெண்டன்டில் 139 என்ற மாடல் எண் 8 அங்குல அச்சு, 149 என்பது 8.5.

நீளமான பலகை கொண்ட லாங்போர்டில் பெரும்பாலும் வருவது ரிவர்ஸ் கிங்பின், அதாவது கிங்பின் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் ட்ரக். அதில் பேஸ்பிளேட்டின், அதாவது பலகையில் பூட்டும் அடித்தட்டின் கோணம் முக்கியம்: 50 டிகிரி ஒய்யாரமாக வளையும், 44 பக்கம் போகப்போக அதே சாய்வுக்குக் குறைவாகத் திரும்பும். மலைப்பாதையில் வேகமாக இறங்குபவர்கள் குறைந்த கோணத்தையே தேடுவது அதனால்தான். வேகத்தில் போர்டு உதறத் தொடங்கினால் நட்டைக் குறை சொல்லாதீர்கள். எடையை முன்காலுக்குக் கொண்டுவாருங்கள், முழங்காலை மடக்குங்கள், பின் ட்ரக்கின் கோணத்தைக் குறையுங்கள். அலைச்சறுக்கு மாதிரி வளைந்து ஓட்டும் சர்ஃப்ஸ்கேட்டின் முன் ட்ரக் மிக அதிகமாகத் திரும்பும்படி செய்தது, சமதளத்துக்கானது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலை இல்லாத நாளில் பயிற்சிக்கு அருமை. அதை மேம்பாலச் சரிவில் விட்டுப் பார்க்கும் தம்பிகளே, தயவுசெய்து வேண்டாம்.

பொருத்தும்போது திசையைப் பாருங்கள். சாதாரண ட்ரக்கில் இரண்டு கிங்பின் நட்டும் பலகையின் நடுவை நோக்கி ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ரிவர்ஸ் கிங்பின்னில் முனைகளை நோக்கி வெளியே பார்க்கும். இரண்டையும் திருப்பிப் பூட்டினால், வலதுபக்கம் சாய்ந்தால் இடதுபக்கம் போகும். ஒன்றை மட்டும் திருப்பினால் நண்டு மாதிரி குறுக்கே நழுவும். பெட்டியில் பூட்டியே வந்த போர்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன், அதனால் பிரித்ததும் சரிபாருங்கள்.

நட்டைத் திருப்புகிறீர்கள் என்றால் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். கிங்பின் மரை நட்டின் மேல்முனை வரை வந்திருக்க வேண்டும். நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையத்துக்குள் மரை ஏறாமல் ஓட்டாதீர்கள், நட்டு கழன்று போகும். தளர்த்திய பிறகு ஏறி முழுக்கச் சாய்ந்து, சக்கரம் பலகையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரைசர் பேட் (உயரம் கூட்டும் தட்டு) வையுங்கள். பெரிய சக்கரத்துக்கு இதைச் செய்யாவிட்டால் சக்கரம் கடித்துப் போர்டு சட்டென்று நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். பலகையின் அடியில் வட்டமாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் அது ஏற்கனவே நடக்கிறது. பொம்மைக் கடைப் போர்டில் புஷ்ஷிங் இடத்தில் கடினப் பிளாஸ்டிக் இருந்தால் திருத்த முயல வேண்டாம், குழந்தையைக் கீழே இறக்கிவிடுங்கள்.

கடற்கரையோரம் ஓட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை கிங்பின் நட்டைக் கழற்றி உப்பைத் துடையுங்கள், துரு தின்ற கிங்பின்னை யோசிக்காமல் மாற்றுங்கள். புஷ்ஷிங்கில் விரிசல் தெரிந்தால் அதையும் சேர்த்து. ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வந்து "ஒரு பக்கம் இழுக்குது சார்" என்று கேட்காதீர்கள்.