கனம் தெரியாத லீவர்

கிரானைட் குவாரிகளில் ஹிட்டாச்சி என்கிற மண் அள்ளும் வண்டியை ஓட்டுகிறவருக்கு வேகம்தான் சோறு. மணிக்கணக்கில் வாடகை ஓடும் வண்டி, பக்கெட் சும்மா நிற்கக் கூடாது. அதே ஆபரேட்டரை இடிந்த கட்டடத்தின் முன் உட்காரவைத்தால், வேகமாக அள்ளிப் பழகிய கையே ஆபத்து. 2014 ஜூனில் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அப்படி ஸ்லாப் மேல் ஸ்லாப்பாகக் கிடக்கும் இடத்தில், ஒன்றை இழுத்தால் எது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. தப்பு செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள அது இடமில்லை. அதற்குத்தான் விஆர் பயிற்சி: கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணினி காட்டும் பொய் இடிபாட்டில் பழகுவது.

கண்ணை ஏமாற்றுவது சுலபம். இரண்டு கண்ணுக்கும் லேசாக வேறுபட்ட இரண்டு படம். மூளை அதிலிருந்து ஆழத்தைக் கட்டிக்கொள்கிறது. தலை திரும்பி ஏறத்தாழ 20 மில்லி விநாடிக்குள் படமும் திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் குமட்டும்.

கைக்கு என்ன செய்வது? இங்கேதான் ஹிட்டாச்சி நமக்கு உதவுகிறது. இடது லீவர் வண்டியைச் சுழற்றும், பக்கெட் மாட்டிய முன்கையான ஆர்மை நீட்டி மடக்கும். வலது லீவர் வண்டியோடு சேர்ந்த பெரிய கையான பூமைத் தூக்கும், பக்கெட்டைச் சுருட்டும். ஆனால் லீவர் அசைப்பது ஒரு சின்ன வால்வைத்தான். பாரத்தைச் சுமப்பது வேறு குழாயில் ஓடும் எண்ணெய். பக்கெட்டில் மண்ணா பாறையா என்று நிஜ வண்டியிலேயே கைக்குச் சரியாகத் தெரியாது. இன்ஜின் திணறுவதையும் கேபின் குனிவதையும் வைத்துத்தான் ஆபரேட்டர் கனத்தை அறிகிறார். சத்தத்தையும் சாய்வையும் சரியாகக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

சாய்வுக்கு, ஆறு ஜாக்கி மேல் ஒரு இருக்கை. டவுன் பஸ்ஸில் சடன் பிரேக் போட்டால் முன்னால் தள்ளுமே, அதையும் இருக்கையை மெல்ல முன்பக்கம் சாய்த்தே உண்டாக்கலாம். கண் முன் படம் நேராக இருந்தால், சாய்வா பிரேக்கா என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பால் பிரித்தறிய முடியாது. இதில் ஒரு சிக்கல்: இருக்கை ஆடினால் தலைதான் ஆடியது என்று ஹெட்செட் நம்பிவிடும். அதனால் இருக்கையின் அசைவைக் கணக்கில் கழித்தாக வேண்டும்.

கம்பி பின்னிக் கிடக்கும் கான்கிரீட் எப்படி உடையும் என்று கணினியில் கொண்டுவருவது மட்டும் இன்னும் கஷ்டம்தான். ஆனால் வேறொன்றை நன்றாகவே சொல்லித்தரலாம். இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலியைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, இடிபாட்டின் ஒரு மூலையிலிருந்து மெல்லிய தட்டும் சத்தம் வருவதுபோல் வைக்கலாம். இன்ஜினை அணைத்தால்தான் அது கேட்கும்.