பயாப்சி ஸ்லைடை போட்டோ எடுத்து அனுப்பினால் போதுமா?

“டாக்டர், அம்மாவோட பயாப்சி ஸ்லைடு போட்டோ அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.” அடிக்கடி வரும் வாட்ஸ்அப் செய்தி இது. திறந்தால், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த கண்ணாடித் துண்டும் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கறையும் இருக்கும். அதை வைத்து எந்த நோயியல் மருத்துவராலும் எதுவும் சொல்ல முடியாது. அனுப்பியவர்களின் பதற்றம் புரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மைக்ரோஸ்கோப் வழியாக எடுத்த படங்கள் என்றால் பரவாயில்லையா? அதிலும் ஆபத்து உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு அம்மாவின் அக்குள் நெறிக்கட்டியிலிருந்து நான்கு படங்கள் எனக்கு வந்தன. நான்கிலும் சாதாரண நிணநீர்ச் செல்கள்தான். “ஒன்றுமில்லை” என்று எழுதப் போனவன், மனசு கேட்காமல் முழு ஸ்லைடையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன்.

மறுநாள் லிங்க் வந்தது. பிரவுசரில் திறந்து விளிம்பை ஒட்டியே சுற்றி வந்தேன். நெறிக்கட்டிக்குள் நுழையும் புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் முதலில் தங்குவது, மேலுறைக்கு அடியில் இருக்கும் குறுகிய இடுக்கில்தான். அங்கே சின்னதாக ஒரு கொத்து. திரையிலேயே அளவுகோலை இழுத்துப் பார்த்தேன்: 0.6 மி.மீ. 0.2-ஐத் தாண்டி 2 மி.மீ. வரை இருந்தால் மைக்ரோமெட்டாஸ்டாசிஸ், அதாவது புற்றுநோயின் நுண்ணிய பரவல் என்கிறோம். நோயின் நிலையே மாறிவிடுகிறது. படம் எடுத்தவர் தன் கண்ணில் பட்டதை எடுத்திருந்தார். அவர் போகாத இடத்துக்கு அந்த நான்கு படங்களை வைத்து நானும் போயிருக்க முடியாது.

40 மடங்கு உருப்பெருக்கத்தில் ஸ்கேனர் ஒரு பிக்சலுக்குச் சுமார் 0.25 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று பதிவு செய்கிறது. 15 மி.மீ. சதுரத் திசுவுக்குப் பக்கத்துக்கு 60,000 பிக்சல். மொத்தம் 360 கோடி. இதை முழுக்க டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. கூகுள் மேப் மாதிரி, படத்தைப் பல அளவுகளில் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி சர்வரில் அடுக்கியிருப்பார்கள். நாம் பார்க்கும் இடத்துச் சதுரங்கள் மட்டும் வந்து சேரும். ஓப்பன்சீட்ராகன் என்ற இலவச நிரல் இந்த வேலையைச் செய்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் உருவான சைட்டோமைன் என்ற மென்பொருளில், பல ஊர் மருத்துவர்கள் ஒரே ஸ்லைடில் குறிப்பு போடலாம். வரையும் கோடு தனி அடுக்காகத்தான் சேரும். அடியிலுள்ள படம் அப்படியே இருக்கும்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் கருத்து கேட்கும்போது உங்கள் குறிப்புகளை மறைத்துவிட்டு அனுப்புங்கள். வட்டம் போட்ட இடத்துக்கே கண் ஓடும், மற்ற இடங்களில் கவனம் குறையும். அப்புறம், பல ஸ்கேன் ஃபைல்களுக்குள் ஸ்லைடின் லேபிள் படமும் தனியாக இருக்கும், சில சமயம் நோயாளியின் பெயரோடு. ஃபைல் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அந்த லேபிளையும் நீக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் லேபில் இப்படிக் கேளுங்கள்: “முழு ஸ்லைடையும் ஸ்கேன் செய்து லிங்க் தர முடியுமா?” வசதி இல்லை என்றால் கண்ணாடி ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ரிப்போர்ட் நகலோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லைடுகளை அதற்கான பெட்டியில் வையுங்கள். பிளாக்கை மட்டும் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.